மறு அறிவிப்பு வரும் வரை

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது ஊருக்கு வந்து சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே எழுதிவிடுவது மரியாதை.

பதினொன்றாம் வகுப்பில் சரித்திரம் படிக்கிற என் மகள் ரூபி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, நீங்க சொசைட்டிக்கு எழுதின நோட்டீஸ் எல்லாம் எனக்கு வேணும். தமிழ்ல இருக்கறதும் வேணும்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. பத்து வருடமாக அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்துத் தோற்றவன் நான். டில்லியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, இங்கிலீஷில் பரீட்சை எழுதுகிற பெண். தமிழ் அவளுக்கு அம்மாவிடம் சாப்பாடு கேட்கிற மொழி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் என் தமிழைப் படிக்கக் கேட்கிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் தலை சுற்றாது?

பீரோவில், குளிர்காலத்துக்கு மட்டும் வெளியே வருகிற ரஜாய்ப் போர்வைகளுக்கு அடியில் இருந்த மொத்தக் கோப்பையும் உருவினேன். சுற்றறிக்கைகள், கடிதங்கள், பொதுக்குழு மினிட்ஸ் புத்தகம், எல்லாவற்றையும் தூசி தட்டி அவள் மேஜையில் வைத்தேன். அவள் ஒரு சுற்றறிக்கையை எழுத்து எழுத்தாகப் படிப்பதைப் போட்டோ எடுத்து, "தாய்மொழி அழைத்துவிட்டது" என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மூன்று கும்பிடு அனுப்பினான்.

என் மனைவி மெர்சி மட்டும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எதுக்குன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"தமிழ் படிக்கதுக்குக் காரணம் கேக்கணுமா?" என்றேன் நான்.

கேட்டிருக்கலாம். பிள்ளை என்மேல் சாட்சியம் திரட்டிக்கொண்டிருந்தது.

2

டில்லிக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த வெளிநாடு என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இந்தியில் ஆண்பால் பெண்பால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பஸ்ஸையும் ரொட்டியையும் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுவேன். காய்கறி வண்டிக்காரர் இருபத்தாறு வருடமாகச் சிரிக்காமல் பொறுத்துக்கொள்கிறார்.

அரசாங்க அலுவலகத்தில் என் வேலை, கோப்பில் நாலு வரி எழுதி மேலே அனுப்புவது. மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டு அதற்கும் மேலே அனுப்புவார். அந்த நாலு வரியில் என் கருத்து என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்குப் போனால் "டில்லிக்காரர் வந்திருக்கார்" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அவர்கள் பேச்சை அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டேன், டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றுவேன். இங்கே வந்து இரண்டு நாளில் ஊர் நினைப்பு வந்து உட்கார முடியாது. பால்கனிக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

ஆனால் மாலையில் மெட்ரோவிலிருந்து இறங்கி, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி கேட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன் காவலாளி எழுந்து நின்று, "நமஸ்தே, செகரட்டரி சாப்" என்பார். அந்த ஒரு நிமிடம் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கும்.

ஆமாம், நான் செகரட்டரி. மூன்று பிளாக், அறுபது வீடு, பெரும்பாலும் தமிழர்கள். ஏழு வருடத்துக்கு முன் முறையாகத் தேர்தல் வைத்து, முறையாக நின்று, முறையாக ஜெயித்தேன். பதவிக்காலம் மூன்று வருடம். அதற்குள் கொரோனா வந்தது. கமிட்டி கூட முடியவில்லை. யாரை உள்ளே விடுவது, பால்காரரை எங்கே நிறுத்துவது என்று மணிக்கொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன்: மறு அறிவிப்பு வரும் வரை எல்லா முடிவுகளையும் செயலாளரே எடுப்பார்.

நோய் போனது. சுற்றறிக்கை இருந்தது.

3

ரூபியின் பாடப்புத்தகத்தில் இந்த வருடம் உலகமே எரிகிறது. பிரெஞ்சுப் புரட்சி, ருஷ்யப் புரட்சி, இரண்டு உலகப் போர், அவற்றுக்கு நடுவில் இத்தாலியும் ஜெர்மனியும். நான் பாளையங்கோட்டையில் படித்தபோது முதல் உலகப் போருக்குக் காரணங்கள் ஆறு, விளைவுகள் ஏழு. தலைப்புகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் நாலு வருடப் போர் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஏன், எப்படி என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ஆறில் ஒன்று விட்டுப்போனதா என்று மட்டும் பார்த்தார்கள். இவளிடம் காரணத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதே இல்லை. யாரோ எழுதிய கடிதத்தைக் கொடுத்து, எழுதியவர் எதை மறைக்கிறார் என்று கேட்கிறார்கள்.

நானும் உதவி செய்யப் போனேன். போர் எப்படிப் பரவியது என்று அவள் குழம்பியபோது காகிதத்தில் எங்கள் கார் நிறுத்துமிடத்தை வரைந்தேன்.

"ஏட்டி, இங்க பாரு. ஏ பிளாக் வண்டிய பி பிளாக்காரன் உரசிட்டான். பி பிளாக்காரனுக்கு சி பிளாக்ல மச்சான் இருக்கான். ஏ பிளாக்குக்கு பக்கத்து சொசைட்டில கூட்டாளி. ஒரு கீறலுக்கு மொத்தப் பேரும் கீழ எறங்கியாச்சு."

"இதுல நீங்க யாரு?"

"நான் பெல்ஜியம். நடுநிலை."

"பெல்ஜியத்த மிதிச்சுட்டுத்தாம்பா போனாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் ஒரு சரித்திரப் பேராசிரியர் சும்மா கிடக்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மனிப் பாடம் வந்தது. நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்ததும், மறுநாளே அவசர உத்தரவு வந்ததும், அடுத்த மாதம் சட்டம் போடுகிற அதிகாரத்தையே ஆட்சியில் இருந்தவர்களிடம் தூக்கிக் கொடுத்ததும் படித்தாள். நாலு வருடத்துக்கு மட்டும் என்று கொடுத்தார்களாம். பிறகு நீட்டினார்களாம்.

"எங்க மேடம் ஒரு டெஸ்ட் சொன்னாங்கப்பா" என்றாள். "ஒருத்தர் கைல பவர் குடுக்கற பேப்பர் எதப் பாத்தாலும், மொதல்ல முடியற தேதி இருக்கான்னு பாக்கணுமாம். மத்லப், என்னைக்குத் திருப்பிக் குடுக்கணும்னு."

"ரொம்ப சரி" என்றேன் நான், டீயை ஆற்றியபடி. "அந்தக் காலத்து ஜனங்க ஏமாந்துட்டாங்க, பாவம்."

4

அந்த மேடம்தான் புராஜெக்ட் கொடுத்திருந்தார். கண்ணெதிரில் இருக்கும் ஒரு சின்ன அமைப்பை எடுத்துக்கொண்டு, அதில் முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்று மூல ஆவணங்களை வைத்து எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் பள்ளி மன்றம், கிரிக்கெட் கிளப் என்று எடுத்துக்கொண்டார்களாம். என் மகள் வீட்டைவிட்டு வெளியே போகவேயில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. "பொதுக்குழுல ஓட்டு எப்படிப்பா எடுப்பீங்க?" என்று அவள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தபோது, நான் கண்டுபிடித்த முறையை ஆசையோடு விளக்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஊரில் பயன்படலாம்.

கூட்டம் ஆரம்பித்ததும் காபியும் போண்டாவும் கொடுத்துவிட வேண்டும். பேச்சு முடிந்து கொடுப்பது பழைய முறை, அதில் சண்டை வரும். எல்லோருக்கும் ஒரு கையில் காபி, ஒரு கையில் சட்னியோடு போண்டா வந்த பிறகு தீர்மானத்தைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, "ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டாம், எதிர்ப்பவர்கள் மட்டும் தூக்கினால் போதும்" என்று சொல்ல வேண்டும். எதிர்க்க நினைப்பவர் எதையாவது கீழே வைத்தாக வேண்டும். எங்கள் ஹாலில் மேஜை கிடையாது. மேஜையை எடுத்தவன் நான்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும்.

ரூபி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒருத்தர்கூட கீழ வெச்சது இல்லையா?"

"சுந்தரம் சார் வைப்பார்" என்றேன்.

பி பிளாக் தரைத்தளத்து சுந்தரம் சார், கும்பகோணத்துக்காரர், ரயில்வேயில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கூட்டத்திலும் டம்ளரைத் தரையில் வைப்பார், போண்டாவை டம்ளர் மேல் வைப்பார், துண்டில் கையைத் துடைப்பார், பிறகு தூக்குவார். கேள்வி ஒன்றுதான். "எலெக்‌ஷன் எப்போ சார்? தேதி சொல்லுங்கோ."

நானும் ஒரே பதிலைச் சொல்வேன். "ஃபைல் பதிவாளர் ஆபீஸ்ல இருக்கு சார்." டில்லியில் இதைவிடப் பலமான பதில் கிடையாது. ஃபைல் ஆபீஸில் இருக்கிறது என்றால் கடவுளே வந்தாலும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

5

அடுத்த ஞாயிறு மதியம் மெர்சிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி இல்லை. சாப்பாட்டு மேஜையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ரூபி, போனில் தமிழ் எழுத்து அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு என் சுற்றறிக்கையை ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தாள். "ம... று... அ... றி... விப்பு." எனக்குக் கண் கலங்கியது.

"மறு அறிவிப்புன்னா?"

"இன்னொரு நோட்டீஸ்" என்றேன்.

"அது வர்ற வரைக்கும் எல்லாத்தையும் செகரட்டரி முடிவு பண்ணுவார்."

"ஆமா."

"அந்த இன்னொரு நோட்டீஸ யார் போடணும்?"

"செகரட்டரிதான்."

முதலில் சிரித்தது மெர்சி. பூண்டு மேஜையில் உருண்டது. ரூபி சிரிக்கவில்லை. "ஜெர்மனிக்காரங்ககூட நாலு வருஷம்னு போட்டாங்கப்பா" என்றாள். "நீங்க அதுகூடப் போடல."

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

"அச்சா, இன்னொண்ணு. மத்த நோட்டீஸ் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. தண்ணி வராது, லிஃப்ட் ரிப்பேர், ஹோலிக்குக் கலர் ஊத்தாதீங்க. இது மட்டும் ஏன் தமிழ்ல?"

"மொழிப்பற்று."

"என் வயசுல இங்க யாருக்குமே தமிழ் படிக்கத் தெரியாது. எங்களவிடப் பெரிய அண்ணா, அக்காவுக்கும் தெரியாது. தெரிஞ்ச தாத்தாங்களுக்கு அந்த போர்டு எட்டாது. லிஃப்ட்டுக்கு மேல ஒட்டிருக்கீங்க."

நான் உருண்ட பூண்டைப் பொறுக்கப் போனேன்.

கோப்பின் அடியில் பதிவாளர் அலுவலகத்துக் கடிதம் இருந்தது. இரண்டே வரி. தேர்தல் நடத்த உறுப்பினர் பட்டியலையும், சொசைட்டி விரும்பும் தேதியையும் அனுப்பவும். வந்து மூன்று வருடம் ஆகிறது. அவர்கள் அனுப்பியதே நான் நச்சரித்துக் கேட்ட பிறகுதான், அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதற்குப் பிறகு நான் எதையும் அனுப்பவில்லை.

மெர்சி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ஃபைல் அங்க இருக்கு, அங்க இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அது நம்ம ரஜாய்க்கு அடியில சொகமா தூங்கிருக்கு."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை வேடிக்கையாகவே எழுதி முடித்திருப்பேன். ரூபி மினிட்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

உங்களில் என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். சார் வெளியே போனால், பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தச் சாக்பீஸை நான் கீழே வைக்கவே இல்லை போலிருக்கிறது. மினிட்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொதுக்குழுவில் எதிர்த்துப் பேசியவர்களின் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. மூன்றாவது பெயர், "மெர்சி (வீட்டில் பேசிக்கொள்ளலாம்)." ஒருமுறை அவள் மோட்டார் ரூமைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"அடப்பாவி" என்றாள் மெர்சி.

சுந்தரம் சார் பெயருக்குப் பக்கத்தில் நாலு பெருக்கல் குறி. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருந்தேன். இந்த ஆவணத்தில் மட்டும் தேதி போடுகிற பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது. ரூபி இரண்டாவது குறியின் தேதியில் விரலை வைத்துக்கொண்டு, கோப்பிலிருந்து ஒரு மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கூட்டம் நடந்த மூன்றாம் நாள் சுந்தரம் சார் கொடுத்த மனு. அவர் மனைவி கமலா மாமிக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலி வந்த சமயம். பி பிளாக் வாசலில் ஐந்து படிகள். அதன் ஓரத்தில் நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். ஓரத்தில் என் கையெழுத்து, "பரிசீலனையில்."

"கேள்வி கேட்டார்னு கட்டித் தரலையாப்பா?"

"அப்படியெல்லாம் இல்ல. வேலை ஜாஸ்தி. மறந்துபோச்சு."

"மாமி வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ரூபி. "நான் சைக்கிள் எடுக்கறப்ப ஜன்னல்லேருந்து கை காட்டுவாங்க. அவங்களால ஏன் வர முடியலன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுது."

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்ததாக நினைவில்லை. ஆனால் அந்த மனுவைப் பார்க்கும்போதெல்லாம் தரையில் வைத்த அந்த டம்ளரும் அதன் மேல் போண்டாவும் ஞாபகம் வரும், காகிதத்தைத் திருப்பி வைப்பேன். அது நினைவிருக்கிறது.

6

அந்த வாரம் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நின்றேன். அலுவலகத்தில் ஒரே கோப்பை மூன்று முறை கட்டி அவிழ்த்தேன். ரூபி என்னோடு பேசாமல் இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். சாதாரணமாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று யோசித்தே எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டேன். வெள்ளிக்குள் பி பிளாக் வாசலில் சாய்தளம் தயார். சனிக்கிழமை காலை சுந்தரம் சார் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். நான் தற்செயலாக நிற்பதுபோல நின்றேன். கமலா மாமி என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, "இது இவ்ளோ ஒசந்துடுத்தா" என்றார்.

சுந்தரம் சார் நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "தேங்க்ஸ் சார்" என்றார். "எலெக்‌ஷன் எப்போ?"

வீட்டுக்கு வந்து ரூபியிடம் சொன்னேன். "பாத்தியா, கட்டியாச்சு."

"பாத்தேன். யார்கிட்டக் கேட்டுக் கட்டுனீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல. நானே சொல்லிட்டேன்."

"அதையும் எழுதிக்கறேன்" என்று நோட்டை எடுத்தாள்.

புராஜெக்ட்டைக் காட்டினாள். எங்கள் சொசைட்டியின் பெயர் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. 'செயலாளர்' என்று மட்டும் இருந்தது. போண்டா வந்திருந்தது. உயரத்தில் ஒட்டிய சுற்றறிக்கையின் படம் வந்திருந்தது, அடியில் அவளே செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு. ஒரு தப்பும் இல்லை. பெயர்ப் பட்டியலில் அம்மா பெயரை மட்டும் மறைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் "முடிவு" என்று தலைப்பு. அதன் கீழே வெள்ளைத் தாள்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"எப்படி முடிஞ்சதுன்னு எழுதணும். எனக்குத் தெரியாதே. திங்கக்கிழமை சப்மிட் பண்ணணும்."

"திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணும் ஆகலன்னா?"

"ஒண்ணும் ஆகலன்னு எழுதுவேன்."

கோபம் இல்லாமல் சொன்னாள். நான் ஜெர்மனியைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று என்னைக் கேட்காதீர்கள். மதியம் முழுவதும் எழுதினேன். முதல் வரைவில் என் சாதனைகள் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டன, தலைப்புகளுக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். மெர்சி வாசித்துவிட்டு, "இது என்ன, சவ அடக்க ஆராதனைல வாசிக்கதுக்கா?" என்றாள். கிழித்தேன். இரண்டாவதில், பதவியைத் தற்காலிகமாக விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தேன். அதை நானே கிழித்தேன். இதற்கு நடுவில் மூன்று முறை கீழே போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தேன். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. தேர்தல் வந்து நான் தோற்றால் காவலாளி எழுந்து நிற்பாரா என்று கேட்டருகில் நின்று யோசித்தேன். அவர், "குச் சாஹியே, செகரட்டரி சாப்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று மேலே வந்தேன்.

மூன்றாவது வரைவு சின்னது. தமிழிலும் இங்கிலீஷிலும், மெர்சியின் ஆஸ்பத்திரித் தோழி திருத்திய இந்தியிலும் எழுதினேன். கொரோனாக் காலத்துச் சுற்றறிக்கை இத்துடன் ரத்தாகிறது. புதிய நிர்வாகக் குழுவுக்கான தேர்தல் கூடிய விரைவில் நடைபெறும். உறுப்பினர் பட்டியல் பதிவாளருக்கு அனுப்பப்படுகிறது. வாக்கு, சீட்டு எழுதிப் பெட்டியில் போடும் முறையில். சிற்றுண்டி, வாக்களித்த பிறகு.

கடைசி வரிக்கு முன் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தேன். எழுதிவிட்டேன். இந்த முறை கண் மட்டத்தில் ஒட்டப்படும் என்றும் சேர்த்தேன்.

ரூபியைக் கூப்பிட்டுத் தமிழ்ப் பிரதியைக் கொடுத்தேன். அவள் எழுத்து அட்டவணையை எடுக்கவில்லை. எங்கும் தடுக்காமல், முதல் வரியிலிருந்து என் கையெழுத்து வரை, சத்தமாக வாசித்தாள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தமிழை இப்படி வாசித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பதவியும் மறந்துவிட்டது, தோல்வியும் மறந்துவிட்டது. அண்ணனுக்கு இதை வீடியோ எடுத்து அனுப்பாமல் விட்டோமே என்றுதான் தோன்றியது.

"எப்படிட்டி இருக்கு?" என்றேன்.

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"தேதி இல்லையேப்பா."